நான்கு ராஜவீதிகளின் விழா நாட்களை முன்கூட்டியே அறிவியுங்கள்: தஞ்சை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர் மாநகராட்சியின் பெருமதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும் மேலவீதியில் குடியிருக்கும் ஒருவரின் பணிவான வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி வைகாசி முடிய வரும் ஒன்பது மாதங்களும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்னும் எங்கள் நான்கு ராஜவீதிகளுக்கு விழாக் காலம். இந்த வீதிகளிலும் இவற்றை ஒட்டிய சந்துகளிலும் நடக்கவிருக்கும் இசை, நாட்டிய, சமய, சமூக நிகழ்ச்சிகள் அனைத்தையும் நாள், நேரம், இடம் ஆகிய விவரங்களோடு ஒரே பட்டியலாகத் தொகுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிட்டு, வீதி முனைகளில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கோரிக்கை சிறியது, ஆனால் இது நிறைவேறாததால் இந்த ஊரின் கலைக்கு ஆண்டுதோறும் நேரும் இழப்பு சிறியதன்று.

எந்த விழா எப்போது, அதில் ஆடுபவர் யார், அவருக்கு என்ன கொடுக்கப்படும் என்பதை ஊரறிய எழுதி வைக்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதும் அன்று. பெரிய கோயில் கட்டிய முதலாம் இராசராசன், பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டிரை அழைத்து வந்து கோயிலைச் சுற்றிக் குடியேற்றினான். அவர்கள் ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில், அதாவது வீட்டு வரிசையில், எத்தனையாவது வீட்டில் இருப்பவர் என்பதையெல்லாம் கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் (அக்காலத் தானிய அளவு) நெல் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போய், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆட வேண்டும் என்றும், அதை ஆடும் கூத்துக் கலைஞனான சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க வேண்டும் என்றும் ஆணையிடுகிறது. அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம் கையில் இல்லை. ஆனால் அது எந்த மாதத்தில் நடந்தது, நடத்தியவர் யார், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் தெரிகிறது. கலைஞனுக்கும் பார்வையாளனுக்கும் நடுவே ஓர் அரசு செய்ய வேண்டிய முதல் கடமை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்றைய நிலை என்ன? விழாக்களுக்குக் குறைவே இல்லை. ஐப்பசியில் இராசராசனின் பிறந்த நாளான சதய விழா, மார்கழியிலோ தையிலோ பக்கத்துத் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை, மாசியில் மகாசிவராத்திரியை ஒட்டிப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி, சித்திரையில் பெருவிழாவும் தேரோட்டமும், வைகாசியில் திருஞானசம்பந்தர் குருபூசையை ஒட்டிய முத்துப்பல்லக்கும் 24 கருட சேவையும் என்று வரிசை நீள்கிறது. இவற்றுக்கு இடையிடையே நவராத்திரிக் கச்சேரிகள், மார்கழி விடியற்காலைத் திருப்பாவை, திருவெம்பாவை வகுப்புகள், பள்ளி ஆண்டு விழாக்கள், தென்னகப் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகள் எனச் சிறியவையும் பெரியவையும் எண்ணிலடங்கா. ஆனால் இவற்றுள் பலவற்றின் செய்தி முந்தைய நாள் மாலையிலோ, முடிந்த மறுநாள் காலையிலோதான் தெருவுக்கு வந்து சேருகிறது.

நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. சதய விழா ஐப்பசிச் சதய நட்சத்திரத்தைப் பற்றி வருவது. 2022இல் நவம்பர் 3, 2023இல் அக்டோபர் 25, 2024இல் நவம்பர் 10 என்று அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. மகாசிவராத்திரி 2024இல் மார்ச் 8, 2025இல் பிப்ரவரி 26. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆங்கில நாட்காட்டியை வைத்துத்தான் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சாங்கமோ ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. நட்சத்திரமும் திதியும் முன்கூட்டியே தெரிந்திருக்க, நாளை அறிவிக்க மட்டும் நாம் ஏன் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டும்? எங்கள் பக்கத்து வீட்டாரின் உறவினர்கள் கருட சேவை பார்க்கவென்று பட்டுக்கோட்டையிலிருந்து குழந்தைகளோடு வந்தபோது சேவை முந்தைய நாளே முடிந்திருந்தது. மறுநாள் வெண்ணெய்த்தாழி உற்சவத்தைச் சேவித்துவிட்டு மனக்குறையோடு திரும்பினார்கள். அத்தனை பெருமாள்களும் வெண்ணாற்றங்கரையிலிருந்தும் நகரின் மற்றக் கோயில்களிலிருந்தும் கருட வாகனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ராஜவீதிக்குள் திரும்பும் அந்தக் காலை நேரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது.

பார்வையாளர்களைவிடக் கலைஞர்களுக்கு இதனால் நேரும் நட்டம் அதிகம். அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நாகசுரக்காரர்களுக்கும் தவில்காரர்களுக்கும் பிழைப்பு முகூர்த்த நாட்களில் இருக்கிறது. தை, மாசி, வைகாசி, ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தாம்பூலத்தோடு முன்பணம் கைமாறிவிடும். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு நிகழ்ச்சிக்குப் போவதைத் தொழில் தெரிந்தவர் எவரும் செய்ய மாட்டார். ஆகவே பத்து நாட்களுக்கு முன் வரும் அழைப்பை ஏற்க முடிகிறவர் அன்றைக்கு வேறு வேலை கிடைக்காதவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். நல்ல வாசிப்பு திருமண மண்டபங்களில், சாப்பாட்டுப் பந்தியின் இரைச்சலில் கரைந்துபோக, அதைக் கேட்பதற்கென்றே கூடும் வீதிக்கு அது வந்து சேராமல் போகிறது. தப்பாட்டக் குழுக்களுக்கும் கரகம், காவடி, பொய்க்கால் குதிரை ஆடுபவர்களுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களில் பலர் வயல் வேலைக்கும் போகிறவர்கள். குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கும் இந்தப் பருவத்தில், நாள் தெரிந்தால்தான் ஒத்திகைக்கு ஆள் சேர்க்க முடியும், கூலி விடுப்பைத் திட்டமிட முடியும்.

இதே மேலவீதியில்தான் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் இல்லம் இருக்கிறது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும், பரதத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியின் ஒழுங்கை வகுத்தவர்கள் அவர்கள். சற்றே நடந்தால் சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த பங்காரு காமாட்சியம்மன் கோயில். உலகின் எந்த மூலையில் பரதம் கற்கும் குழந்தையும் இந்தத் தெருவுக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தை சிவராத்திரிக்கு ஆட வரும்போது, காலையில் நால்வர் வீட்டின் வாசலில் நின்று பார்க்கலாம், மாலையில் பெரிய கோயிலில் ஆடலாம் என்று ஒரு தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டாமா?

உயிர்க் காப்பு இதைவிடக் கனமான காரணம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், நம் நகரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு ஒவ்வொரு தேர், பல்லக்கு, சப்பரத்தின் வழித்தடமும் உயரமும் புறப்படும் நேரமும் மின்வாரியத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் பல நாட்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பெரிய கோயில் தேருக்கு எல்லாத் துறைகளும் கூடி நிற்கின்றன. நடு இரவில் புறப்பட்டு விடியும்வரை நகரும் சிறு பல்லக்குகளுக்கும் அதே கவனம் வேண்டும். பட்டியலில் ஏறும் எந்த ஊர்வலமும் துறைகளின் கண்ணிலிருந்து தப்பாது. மின்தடை நேரம் முன்பே தெரிந்தால் வீட்டில் மூச்சுக் கருவியோடு படுத்திருக்கும் நோயாளிக்கு மாற்று ஏற்பாடு செய்யலாம். எந்த வீதி எத்தனை மணிக்கு அடைபடும் என்று தெரிந்தால் பிரசவ நாள் நெருங்கியவரை முதல் நாளே உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம்.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு வார்த்தை. தமிழ் நாளும் ஆங்கில நாளும் சேர்ந்து இருக்கட்டும். நிகழ்ச்சியின் பெயரோடு நிறுத்தாமல், வாசிப்பவர், ஆடுபவர், பேசுபவர் பெயரைக் கட்டாயம் போடுங்கள். தலைமை தாங்குபவர் பெயர் பெரிதாகவும் கலைஞர் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும் சுவரொட்டி வழக்கம் இதிலாவது வேண்டாம். ஐப்பசி அடைமழை மாதமாகையால் மழை வந்தால் நிகழ்ச்சி எந்தக் கூரையின் கீழ் நடக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும். திறந்தவெளி மேடைக் கச்சேரிக்குத் தூறலில் குடையோடு வந்து நின்று, ரத்தானதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் முதியவர்கள் திரும்புவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அனுமதி இலவசமா, நுழைவுச் சீட்டா, சக்கர நாற்காலி செல்ல வழி உண்டா என்பவை ஒவ்வொரு வரியில் அடங்கிவிடும்.

சிறிய நிகழ்ச்சிகளுக்கும் இடம் கொடுங்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். வீணைப் பட்டறையில் பலாக்கட்டையைக் குடைவதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முற்பகல் காட்டலாம். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்த பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். தலையாட்டிப் பொம்மைக்கு வண்ணம் பூசுவதை ஒரு பாட்டி தம் திண்ணையில் சொல்லித் தரலாம். வார்டு அளவிலான இரத்ததான முகாமும் கண் பரிசோதனையும் இதே தாளில் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. கச்சேரியைத் தேடிப் படிப்பவர் முகாமையும் படிப்பார்.

கைப்பேசியில் அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சுற்றிவரும் செய்திகளில் போன ஆண்டு அழைப்பிதழும் கலந்துவிடுகிறது. பூக்கட்டும் அம்மாளுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அவை சேருவதும் இல்லை. விழா நாளன்று கூடுதலாக எத்தனை முழம் கட்டுவது, எவ்வளவு கடலை வறுப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் தினமும் கடந்துபோகும் சுவரில் தாள் இருக்கட்டும்.

கோயில் தேவஸ்தானம், சபாக்கள், பள்ளிகள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியவற்றிடமிருந்து விவரம் வாங்க மாநகராட்சியில் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கினால் போதும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான முதல் பட்டியலைப் புரட்டாசி முடிவதற்குள் வெளியிட வேண்டுகிறேன்; சதய விழா அதில் முதல் வரியாக இருக்கட்டும். மேலவீதி தேர்நிலைப் பக்கத்திலும் கொடிமரத்து மூலையிலும் பலகை வைக்க நீங்கள் இடம் குறித்துத் தந்தால், தாளை ஒட்டவும், நாள் மாறினால் திருத்தி எழுதவும், மழையில் நனைந்ததை மாற்றவும் எங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேலவீதிவாசி,
தஞ்சாவூர்.