அந்தப் பெரிய கடையை விட்டு எங்களிடம் வருகிறவர்களுக்கு

வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற புது முகங்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தோடு உள்ளே நுழைகிறார்கள். "இனிமே அந்தப் பக்கமே போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்." எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரே நிறப் பலகை கண்ணில் படும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு வியாபாரியின் காதுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் கோபத்தில் வருகிறவர்களில் பலர் மூன்றாவது வாரம் பில்லைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள், போகும்போது எங்கள் மேலும் கொஞ்சம் கோபத்தோடு போகிறார்கள். அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் விலை. சில பொருள்கள் எங்களிடம் விலை கூடத்தான். அவர்கள் லாரி லாரியாக எடுக்கிறார்கள், நாங்கள் பெட்டி பெட்டியாக எடுக்கிறோம், இதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்னொரு காரணம் வியாபாரத்தின் உள்விஷயம். ஒரு கடை மலிவா இல்லையா என்று யாரும் எல்லாப் பொருளையும் வைத்து முடிவு செய்வதில்லை. பால், சர்க்கரை, முட்டை என்று விலை மனப்பாடமாகத் தெரிந்த பத்துப் பதினைந்து பொருள்களை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். ஊரெங்கும் கிளை வைத்திருக்கிற பெரிய சங்கிலிக் கடைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பத்தை அசலுக்கோ அதற்கும் கீழேயோ விற்பார்கள், அது தூண்டில் புழு. அதில் விட்டதை டூத் பிரஷ், பேட்டரி, குப்பைப் பை என்று யாருக்கும் விலை ஞாபகம் இருக்காத சாமான்களில் எடுத்துவிடுவார்கள். பிரான்சில் கொள்முதல் விலைக்குக் கீழே விற்பது சட்டப்படி தடை. 2019ல் பெரும்பாலான உணவுப் பொருள்களைக் கொள்முதல் விலைக்கு மேல் குறைந்தது 10 சதவீதமாவது சேர்த்துத்தான் விற்கவேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். ஒரு அரசாங்கமே சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு இது பழைய வித்தை. அதனால் ஒரே ஒரு பொருளை வைத்து எங்களை எடைபோடாதீர்கள். ஒரு மாத பில்லை முழுசாகக் கூட்டிப் பாருங்கள், கூட்டும்போது பாக்கெட் விலையை விட்டுவிட்டுக் கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். அப்படிப் பார்த்தும் எங்களிடம் கூடுதலாக வந்தால், வரலாம், அந்தக் கூடுதல் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எங்கே போகிறது என்பதற்கு ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறோம். எங்களுக்குச் சோப்பு செய்து தருகிற சப்ளையர் ஒருவர் முன்பு ஒரு பெரிய கடைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சரக்கு இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது, அந்தக் கடையிலிருந்து வந்த கடைசிக் கணக்குத் தாளை எங்கள் கல்லா மேசையில் விரித்துக் காட்டினார். மேலே அவர் அனுப்பிய சரக்கின் மதிப்பு, ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே கழித்தல்கள் மட்டும் ஒன்பது வரி. விளம்பரத்தில் பங்கு, சேதாரம், லாரி தாமதமாக வந்ததற்கு அபராதம், கண் மட்டத்து அலமாரியில் வைத்ததற்குக் கட்டணம், புதுக் கிளை திறந்ததற்கு "ஆதரவு". அந்தப் புதுக் கிளைக்கு அவருடைய சோப்பு போகவே இல்லை. கீழே மிச்சம் நின்ற தொகையைப் பார்த்தபோது, இதற்கு அந்தச் சோப்பைச் சும்மாவே கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. அடிமாட்டு விலை என்றால் என்ன என்று அன்றைக்கு எழுத்தில் பார்த்தோம். அந்தத் தாளும் பணமும் வந்து சேர்ந்தது நாலு மாதம் கழித்து.

இது அவர் ஒருவருடைய கதை என்றால் விட்டுவிடலாம். பிரிட்டனில் பெரிய கடைகள் சப்ளையர்களை நடத்துகிற விதத்துக்கென்றே 2010ல் ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள், 2013ல் அதைக் கண்காணிக்கத் தனி அதிகாரியையும் வைத்தார்கள். அந்த அதிகாரி 2016ல் வெளியிட்ட விசாரணை முடிவில், அந்த நாட்டின் மிகப் பெரிய சங்கிலிக் கடையே தன் கணக்கை அழகாகக் காட்டுவதற்காகச் சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பணத்தைத் தெரிந்தே இழுத்தடித்திருந்தது என்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் இன்னும் ஒரு படி மேலே போய், அழுகக்கூடிய பொருளுக்கு 30 நாளுக்குள், மற்றவற்றுக்கு 60 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாமல் விற்காத சரக்கைக் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது, அழுகும் பொருளுக்குக் கொடுத்த ஆர்டரைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யக் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்தது. நடக்காததற்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை, இல்லையா?

இப்போது எங்கள் முறை. இதையெல்லாம் பேசுகிற நாங்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால், கை கொஞ்சம் இறுக்கமாக இருந்த நேரத்தில், ஒரு சின்ன சப்ளையருக்கு இரண்டு மாதம் பணம் தராமல் இழுத்தோம். கடை சின்னது, அதனால் அவர் புரிந்துகொள்வார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அந்த இரண்டு மாதமும் அவர் கடன் வாங்கி ஆட்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறார். பெரிய கடை செய்தால் அநியாயம், நாங்கள் செய்தால் கஷ்டகாலம் என்று அதற்கு இரண்டு பெயர் வைக்க முடியாது. இப்போது சரக்கு இறங்கின 15 நாளுக்குள் கொடுத்துவிடுகிறோம். முடியாது என்று தெரிந்தால் ஆர்டரையே குறைக்கிறோம், அதனால்தான் சில நாள் அலமாரி காலியாக இருக்கிறது. சின்னக் கடை என்றாலே நியாயமான கடை என்று நினைத்து வந்திருந்தால் அந்த நினைப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அவர்களிடம் கேட்கிற கேள்வியை எங்களிடமும் கேளுங்கள்: சம்பளம் தேதியில் போகிறதா, இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, அதைச் செய்தவருக்கு எப்போது பணம் போகிறது. பதில் சொல்லத் தடுமாறினோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல் இருப்பது, அந்தப் பெரிய கடையில் இருக்கிற அதே கம்பெனிகளின் பொருள்கள். அவற்றை எங்களிடம் வாங்கினால் கடைக்காரர் மாறுகிறார், தயாரிப்பாளர் மாறுவதில்லை. உங்கள் கோபம் கடையின் மேலா, பொருளின் மேலா என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கூடையை எடுங்கள்.

புறக்கணிப்பைப் பற்றி. பாய்காட் என்ற சொல்லுக்குத் தன் பெயரையே கொடுத்த, ஊரால் புறக்கணிக்கப்பட்ட ஆள் வாடிக்கையாளர், கடைக்காரர் இல்லை என்பது எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு தனி சந்தோஷம். 1880ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு நிலப்பிரபுவின் காரியஸ்தராக இருந்த கேப்டன் பாய்காட், குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கிளம்பியபோது, ஊரே அவரை ஒதுக்கி வைத்தது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். வெளியூரிலிருந்து 50 பேரைக் கூட்டி வந்து, அவர்களுக்கு ராணுவக் காவல் போட்டுத்தான் பயிரை எடுக்க முடிந்தது, பயிரின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

அது வேலை செய்ததற்குக் காரணம், எல்லாரும் ஒன்றாக நின்றார்கள், எதற்கு நிற்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கலிபோர்னியாவில் 1965ல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், அப்புறம் திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். தோட்ட முதலாளிகள் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1970 ஆனது. ஐந்து வருஷம்! ஆனால் அவர்கள் கேட்டது என்ன என்பதில் குழப்பமே இல்லை: சங்கத்தை ஏற்றுக்கொள், ஒப்பந்தம் போடு. நம்மில் பலர் செய்வது வேறு. ஒரு செய்தியைப் படித்துவிட்டு இரண்டு வாரம் போகாமல் இருக்கிறோம், ஏன் போகவில்லை என்று அந்தக் கடைக்கே தெரியாது. அவர்கள் கணக்கில் அது மழை பெய்த வாரம் மாதிரி ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். போவதை நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு நிறுத்துங்கள்: எதற்காக நிறுத்துகிறோம், எதைச் செய்தால் திரும்பி வருவோம். திரும்பி வருவோம் என்று எழுதச் சொல்கிறோமே என்று எங்கள் கடையிலேயே ஒருவருக்குக் கோபம். ஆனால் திரும்பி வரவே மாட்டேன் என்கிறவருக்காக எந்தக் கடையும் எதையும் மாற்றப்போவதில்லை.

மாற்று என்றால் எங்கள் கடை மட்டும்தான் என்று இல்லை. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844ல் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு ஒரு கடை திறந்தார்கள். முதல் நாள் இருந்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். கலப்படமும் எடைக் களவும் சகஜமாக இருந்த காலத்தில் சுத்தமான பொருள், சரியான எடை, கடன் கிடையாது என்று நின்றார்கள், வந்த லாபத்தை யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்தக் கணக்கில் அவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். உலகத்தில் இன்றைக்கு இருக்கிற கூட்டுறவுக் கடைகள் பலவற்றுக்கு அதுதான் முன்மாதிரி. டோக்கியோவில் 1965ல் சுமார் 200 பெண்கள் சேர்ந்து 300 புட்டி பாலை மொத்தமாக வாங்கத் தொடங்கியதுதான் பின்னால் பெரிய நுகர்வோர் கூட்டுறவாக வளர்ந்தது. உங்கள் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிற கூட்டுறவு இருந்தால் உறுப்பினராகுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை. (கொஞ்சம் இருக்கும், சமாளித்துக்கொள்வோம்.) விவசாயியிடம் பருவத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வாராவாரம் விளைந்ததை வாங்கிக்கொள்கிற முறையும் பல நாடுகளில் இருக்கிறது. விளைச்சல் போனால் உங்கள் பங்கும் குறையும், அதற்கு மனசு இருந்தால் அதைவிட நேரடியான வழி இல்லை.

பொருள்களின் மேல் இருக்கிற முத்திரைகளையும் மொத்தமாக "நல்லது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாய வணிக முத்திரை 1988ல் நெதர்லாந்தில் காபிக்குத் தொடங்கியது, அது பேசுவது முக்கியமாக விளைவித்தவருக்குக் கிடைக்கிற குறைந்தபட்ச விலையைப் பற்றி. இயற்கை வேளாண்மை முத்திரை விளைவித்த முறையைச் சொல்கிறது, கூலி கொடுத்தார்களா என்பது அதன் வேலை இல்லை. மீன் டப்பாவில் இருக்கிற நீல முத்திரை கடலில் மீன் வளம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறது. "இயற்கையானது", "பண்ணையிலிருந்து நேராக" என்று அழகான எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முத்திரையே இல்லை, விளம்பரம். எங்கள் முட்டை அட்டையிலும் அப்படி ஒரு வரி இருந்தது. எந்தப் பண்ணை என்று சப்ளையரிடம் மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் பேச்சை மாற்றினார், சரி என்று அந்த முட்டையை நிறுத்திவிட்டோம்.

அப்புறம், எங்கள் கடையில் நின்றுகொண்டு பெரிய கடையின் பையோடு வருகிறவரை முறைக்காதீர்கள். போன வாரம் நடந்தது, எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு அந்த நேரத்தில் திறந்திருப்பது அது ஒன்றுதான். சக்கர நாற்காலியோடு எங்கள் இரண்டு படிக்கட்டில் ஏற முடியாது, அதற்குச் சரிவுப் பலகை போட இப்போதுதான் ஆள் பார்த்திருக்கிறோம். மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு அந்தத் தூண்டில் புழு விலைதான் சாப்பாடு. முடிந்தவர்கள் மாறினால் போதும், அதுவும் ஒரேயடியாக வேண்டாம். சோப்பு, காபி, முட்டை என்று வாரத்துக்கு ஒரு பொருளாக மாற்றிப் பாருங்கள், மூன்றாவது வாரத்து பில் அதிர்ச்சி வராது.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு மாற்றம். வியாழக்கிழமை மட்டும் இரவு 10 மணி வரை திறந்திருப்போம். கல்லாவுக்கு இடப்பக்கம் ஒரு நோட்டுக் கயிற்றில் தொங்குகிறது, எங்களிடம் இல்லாத பொருளை அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஒரே பொருளை ஐந்து வீட்டுக்காரர்கள் கேட்டால் செய்கிறவரிடமே ஒரு பெட்டி எடுத்துப் பிரித்துக் கொடுப்போம், அவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைப்போம். நோட்டோடு கட்டியிருக்கிற பேனா இதுவரை நான்கு தடவை காணாமல் போய்விட்டது, முடிந்தால் உங்கள் பேனாவையே எடுத்து வாருங்கள்.