செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பத்து நிமிடத்துக்கு ஒரு அலை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், களத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் வானியல் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்குமான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாதாந்திரக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை, வானமே கிடைக்கவில்லை. செப்டம்பர் 7 இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுக்கச் சிவந்து நின்ற சந்திர கிரகணத்தை, மேகம் விலகிய நேரமெல்லாம் தெருப் பிள்ளைகளோடு பார்த்தோம். சனியின் வளையம் இந்த வருஷம் ஊசி மாதிரி மெலிந்திருந்ததையும் பார்த்தோம். இதெல்லாம் நீங்கள் கூட இருந்து பார்த்தவை. இந்த ஆண்டு நாம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது நம் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் டிராக்கிங்கோடுதான், அதாவது அது விண்மீனைச் சரியாகப் பின்தொடர்வதோடுதான், அதனால் மீதி அறிக்கை முழுக்க அதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். போன வருஷம் இதே கூட்டத்தில் "இது தேறாது, புதுசு வாங்கிடலாம்" என்று பாதிப் பேர் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பூமி ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது, 24 மணி நேரம் என்பது சூரியனை வைத்துப் போட்ட கணக்கு. வானம் விநாடிக்கு 15.04 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஈக்வடோரியல் மவுண்டின் ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்து, அந்த ஒரே அச்சை அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றினால் விண்மீன் கேமராவுக்குள் அசையாமல் நிற்கும். 1824இல் ஃப்ரான்ஹோஃபர் டோர்பாட் வானாய்வகத்துக்குச் செய்து கொடுத்த தொலைநோக்கியில் எடைக்கல் தொங்கும் கடிகாரம் செய்த வேலையை நம்மிடம் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் செய்கிறது. ஒரு ஆர்க் செகண்ட் எவ்வளவு சின்னது என்றால், கும்பகோணத்தில் நின்றுகொண்டு தாராசுரத்தையும் தாண்டி ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தால் அது தெரியும் அளவு. 650 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 4.3 மைக்ரான் பிக்சலும் உள்ள நம் தொலைநோக்கி–கேமரா ஜோடிக்கு ஒரு பிக்சல் 1.36 ஆர்க் செகண்ட். மவுண்ட் மூன்று நாணய அகலம் தப்பினாலே விண்மீன் புள்ளியாக இல்லாமல் அரிசி மாதிரி நீண்டுவிடும்.

நமக்கு ஏப்ரலில் அப்படித்தான் இருந்தது. முப்பது விநாடி படம் பத்து எடுத்தால் மூன்றோ நான்கோ தேறும், மற்றதெல்லாம் கோடு. மோட்டார் போய்விட்டது என்றார் ஒருவர், போர்டு போய்விட்டது என்றார் இன்னொருவர். நம் கணக்கு டீச்சர்தான் "அளந்து பாக்காம எதுக்கு சண்டை?" என்று கேட்டார்.

மே மாதம் நிலா இல்லாத ஒரு இரவில் அளந்தோம். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள விண்மீன் வேண்டும் என்பதால் கன்னி ராசியின் போரிமாவை எடுத்துக்கொண்டோம், பத்து மணி வாக்கில் அது உச்சிக்குக் கிட்டே இருந்தது. மவுண்டை வேண்டுமென்றே ஒரு டிகிரி பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, முப்பது விநாடிப் படங்களாக இருபது நிமிடம் விடாமல் எடுத்து எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். அச்சு விலகியிருப்பதால் விண்மீன் மெதுவாகத் தெற்கு வடக்காக நகரும், மோட்டாரின் தப்பு கிழக்கு மேற்காக விழும், இரண்டும் சேர்ந்தால் தப்பு அலையாகத் தெரியும். லேப்டாப்பில் அந்தப் படம் வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. நெளிநெளியாக அழகான இரண்டு அலை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு 44 பிக்சல், அதாவது 60 ஆர்க் செகண்ட். ஒவ்வொரு அலையிலும் ஏறும்போது ஒரே இடத்தில் வெடுக்கென்று ஒரு படி.

நம் மவுண்டின் பெரிய பல்சக்கரத்தில் 144 பல். அதைச் சுற்றும் திருகு போன்ற வார்ம் ஒரு சுற்று போனால் சக்கரம் ஒரு பல் நகரும். 23 மணி 56 நிமிடத்தை 144ஆல் வகுத்தால் 598 விநாடி, பத்து நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. அலை திரும்பி வந்ததும் அதே பத்து நிமிடத்தில். அப்படியென்றால் தப்பு வார்மில் இருக்கிறது, மோட்டாரும் போர்டும் சரி. இது கொஞ்சம் எல்லா மவுண்டிலும் இருக்கும், வார்ம் எங்கேயாவது ஒரு மயிரிழை மையம் விலகித்தான் கடைந்திருப்பார்கள், அதற்குப் பெயர்தான் பீரியாடிக் எரர். ஆனால் அந்த வெடுக் படி கடைசலில் வருவது கிடையாது. நடுவில் ஏதோ இருக்கிறது.

பம்புசெட் மெக்கானிக் அண்ணன் நம் உறுப்பினராக இருப்பது சங்கத்தின் பாக்கியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையில் மவுண்டைப் பிரித்தோம். பழைய கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் கழுவிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, டார்ச்சைக் கிட்டே பிடித்து, ஊசியால் எதையோ கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். பதர். அரை நெல்லின் உமி, கறுத்த கிரீஸில் ஊறி மரத்துண்டு மாதிரி கெட்டியாகி வார்மின் பள்ளத்துக்குள் படிந்திருந்தது. "தம்பி, களத்துல வச்சுக் கழட்டி மாட்டியிருக்கீங்க, காத்துல வந்து உக்காந்திருக்கு" என்றார். உண்மைதான், அறுவடை சமயத்தில் ஒருமுறை களத்திலேயே மூடியைத் திறந்தோம். இனிமேல் மூடி திறக்கும் வேலையெல்லாம் பட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு மட்டும்.

அப்புறம் வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, வார்மைச் சக்கரத்தோடு நெருக்கும் வேலை. இதில் அவர் கைதான் பேசியது. அலன் கீயைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், "பிளே இருக்கு" என்பார், இன்னும் கொஞ்சம். ரொம்ப நெருக்கினால் மோட்டார் முனகும், விட்டால் அச்சு ஆடும். சக்கரத்தை முழுச் சுற்று சுற்றவிட்டு எந்தப் பல்லில் இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் செட் பண்ண வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பாரத்தைச் சரிசமமாக வைக்காமல் கிழக்குப் பக்கம் துளி கனமாக வைத்தால் பல் எப்போதும் ஒரே பக்கம் கடித்து நிற்கும் என்பதும் அவர் சொல்லாமலே செய்து காட்டியது.

சரி, பல் விவகாரம் முடிந்தது. அடுத்தது துருவம், அதாவது மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது. நமக்கு அட்சரேகை 11 டிகிரி. துருவ நட்சத்திரம் வட தொடுவானத்திலிருந்து அவ்வளவு உயரம்தான், ஒரு தென்னை மரம் போதும் மறைக்க. அதற்கு மவுண்டில் இருக்கும் சின்னக் குழாயான போலார் ஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, தலையை முக்காலிக்கு அடியில் நுழைக்க வேண்டியிருக்கிறது. கொள்ளிடத் தென்கரைக் களத்துக்கு நாம் இடம் மாறியதே இதற்காகத்தான், வடக்கே ஆற்று மணலும் தண்ணீரும் மட்டும், மரமே கிடையாது. மவுண்ட் செய்கிறவர்கள் நம்மைப் போன்ற தாழ்ந்த அட்சரேகையைப் பெரிதாக நினைத்துச் செய்வதில்லை. அச்சு இவ்வளவு படுத்திருக்கும்போது தொலைநோக்கிக்கு எதிர்ப்பாரமான எடைக்கல் தண்டு நேர்கீழே தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. ஒரு தடவை நடு ராத்திரி இடித்து மோட்டார் திணறிய சத்தம் கேட்டு ஓடினோம். லேத்தில் ஒரு சாண் இரும்புக் குழாய் கடைந்து மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவில் கொடுத்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், இவ்வளவு தாழ்வில் துருவமே உண்மையான இடத்தைவிட சுமார் 5 ஆர்க் நிமிடம் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது 60 ஆர்க் செகண்ட்) மேலே தெரிகிறது. துருவம் ஒரு ஆர்க் நிமிடம் தப்பினால் விண்மீன் அதிகபட்சம் நிமிடத்துக்குக் கால் ஆர்க் செகண்ட் நழுவும் என்பது கணக்கு, ஐந்துக்கு 1.3. துருவம் உயரத்தில் தெரியும் வடக்கு அட்சரேகைக்காரர்கள் இதைப் பெரிதாக யோசிக்க வேண்டாம், நாம் யோசிக்கணும்.

அதைவிடப் பெரிய விஷயம் நம் மண். ஆடியில் கொள்ளிடம் நிறைய தண்ணீர் போனது, கரையெல்லாம் ஊறிக் கிடந்தது. செப்டம்பரில் முதல் இரவு, எட்டு மணிக்குத் துருவத்தைச் சுத்தமாகப் பிடித்து வைத்தோம், பதினோரு மணிக்குப் பார்த்தால் விண்மீன் எல்லாம் தெற்கு வடக்காக நழுவுகிறது. திரும்பப் பிடித்தோம், திரும்ப நழுவியது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முக்காலியின் ஒரு கால் வண்டலில் விரல் நகம் அளவுக்கு இறங்கியிருந்தது. கால்களுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இருக்கும்போது 3 மில்லிமீட்டர் இறங்கினாலே அச்சு 10 ஆர்க் நிமிடம் சாய்ந்துவிடும். நாம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க நினைத்த புது மவுண்டை இதே மண்ணில் வைத்திருந்தால் அதுவும் இப்படித்தான் இறங்கியிருக்கும். இப்போதைக்கு ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் பலகை போடுகிறோம். பரவாயில்லை, ஆனால் போதாது.

ஜனவரியில் பனி விலகிய ஒரு இரவில், ஓரையன் இடுப்புப் பட்டையின் மிண்டாகாவை வைத்துத் திரும்ப அளந்தோம். 60 இருந்தது 36 ஆர்க் செகண்டாகக் குறைந்திருந்தது, அந்தப் படி போயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் அலை வழுவழுப்பானது, அதை ஆட்டோகைடர் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டோகைடர் பற்றி ஒன்று சொல்லணும். சின்னக் கேமரா ஒரு விண்மீனையே பார்த்துக்கொண்டிருந்து, அது நகர்ந்தால் மவுண்டுக்குச் சின்னச் சின்னத் திருத்தம் அனுப்பும். முதலில் ஒரு விநாடிக்கு ஒரு திருத்தம், முழு வேகத்தில் வைத்திருந்தோம், படம் முன்னைவிட மோசமானது. திருவாரூர் ஆழித்தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 96 அடித் தேரை வீதியில் நேராகக் கொண்டுபோவது சக்கரத்துக்கடியில் சரியான நேரத்தில் போடும் முட்டுக்கட்டை. தேர் லேசாக அசைவதற்கெல்லாம் கட்டை போட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும், அப்புறம் இந்தப் பக்கம். கைடர் செய்ததும் அதுதான், காற்றில் விண்மீன் துடிப்பதை மவுண்டின் தப்பு என்று எடுத்துக்கொண்டு துரத்தியது. மூன்று விநாடிக்கு ஒரு திருத்தம் என்று மாற்றி, திருத்தத்தின் வேகத்தையும் குறைத்ததும் அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் பதிவு செய்துவிடுகிறேன். பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபில்டர் போட்டுச் சூரியப் புள்ளிகள் காட்டிய அன்றைக்கு இரவு டிராக்கிங் மெதுவாக விலகிக்கொண்டே இருந்தது. வேகத்தைச் சூரியனுக்கு மாற்றியதை யாரும் திரும்ப விண்மீனுக்கு மாற்றவில்லை, நிமிடத்துக்கு இரண்டரை ஆர்க் செகண்ட் போய்க்கொண்டிருந்தது. பொத்தான் பெட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

காவலூர் வானாய்வகம் போய் வந்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள், அங்கே உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஈக்வடோரியல்தான், பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் குதிரை லாடம் போன்ற பெரிய வளையத்தோடு அச்சு நம்முடையது மாதிரியே படுத்துக் கிடக்கும். அந்தக் கட்டடத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அதைத் தாங்கும் தூண்களைத்தான்.

அதனால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் இது. மவுண்ட் நிதியில் புது மவுண்ட் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் களத்தின் வடகிழக்கு மூலையில், வண்டலைத் தாண்டிக் கெட்டி மண் தட்டும் வரை தோண்டி, கான்கிரீட் போட்டு, அதன் மேல் பத்து அங்குல இரும்புக் குழாய் நிறுத்தி நிரந்தரப் பீடம் கட்டுவது. இடம் கொடுக்கும் உறுப்பினர் சம்மதித்துவிட்டார். மாசியில் எடுத்த ஓரையன் நெபுலா படம் வாசலில் மாட்டியிருக்கிறது, மூன்று மூன்று நிமிடமாக எடுத்தது, ஓரம் வரைக்கும் விண்மீன் புள்ளியாகவே இருக்கிறது. கருங்கல் பலகையின் மேல் நின்றே இவ்வளவு வந்திருக்கிறது.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் தண்ணீர் வந்து நிலம் ஊறிவிடும். அதற்கு முன்னால் கான்கிரீட் இறுக வேண்டும், ஆகவே மே முதல் ஞாயிறு குழி வெட்டுகிறோம். கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், குழாயைத் தூக்க ஆறு பேர் வேண்டும்.