கோணேசர் கோயிலடியில் என் தலைத்துணியைக் கட்டிவிட்ட அக்காவுக்கு

போன வெள்ளி பின்னேரம் கோணேசர் மலையில் கச்சான் காற்று என் தலைத்துணியைப் பறித்துக்கொண்டு போனபோது ஓடிப்போய் எடுத்துத் தந்தீர்கள் அக்கா. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

என் தலையைப் பார்த்து "நேர்த்தியோ?" என்று நீங்கள் கேட்கவில்லை. மார்புப் புற்றுநோய்க்கு டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள், ஆறு மாதத்தில் முடி வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம், ஆனால் அந்த மருந்து சிலருக்கு முடி வேரை நிரந்தரமாகவே பாதித்துவிடுமாம், எனக்கு உச்சியில் வெறும் பூனைமயிர்தான். உயிர் தப்பிவிட்டதே, முடி போனால் என்ன என்பவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். இரண்டும் எனக்குப் பெரிசுதான்.

நீங்கள் ஒன்றும் விசாரிக்காமல், உங்கள் பருத்தித் துண்டை நீளமாக மடித்து நெற்றியோடு சுற்றி, அதற்கு மேல் என் வழுக்குகிற பட்டுத்துணியைப் போட்டுப் பிடரியில் இறுக்கி முடிந்து, நுனிகளை உள்ளே செருகிவிட்டீர்கள். "இனிப் பறக்காது பிள்ளை." உண்மையாகவே பறக்கவில்லை! இப்போது சந்தைக்கும் நிலாவெளி பஸ்ஸுக்கும் அப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.

மிச்சம் நன்றி அக்கா. துண்டைத் தோய்த்து வைத்திருக்கிறேன், உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் காட்டினால் கொண்டுவந்து தருவேன்.