சாயப்பட்டறைக்கு வாங்க, பத்தாங்கிளாஸ் கணக்கு காட்டுறேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்ப நீங்க போட்ட உயர்கல்வி இணைப்பை முழுசா படிச்சேன். கணக்கு, சயின்ஸ் குரூப் பசங்க எங்க போகலாம்னு பக்கம் பக்கமா இருந்துச்சு, இன்ஜினியரிங், மெடிக்கல், டேட்டா சயின்ஸ், இஸ்ரோ, எல்லாம் சரிதான். ஆனா எங்க ஊர் திருப்பூர்ல பாதி வீட்டுல சோறு வேகறதே பனியன் தொழில்ல, அதுல கணக்கும் கெமிஸ்ட்ரியும் எங்க வருதுன்னு ஒரு வரி கூட இல்லியேங்க. நான் சாயப்பட்டறையில வேலை பாக்கறவன், அதனால எனக்கு தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

200 கிலோ காட்டன் துணிக்கு 2 சதவீத ஷேடு, அதாவது துணி எடையில 2 சதவீதம் சாயம், போடணும்னு வைங்க. சாயம் 4 கிலோ, இது யார் வேணா சொல்லிடுவாங்க. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னா 1600 லிட்டர். உப்பு லிட்டருக்கு 60 கிராம், ஆக 96 கிலோ. இப்ப அதே மெஷின்ல 100 கிலோ துணி மட்டும் வருது, ஆனா மெஷின் ஓடறதுக்கே குறைஞ்சது 1200 லிட்டர் தண்ணி வேணும். புதுசா வந்த பையன் எல்லாத்தையும் பாதி போடுவான், சாயம் 2 கிலோ, உப்பு 48. சாயம் ஓகே, அது துணி எடைக்கு. உப்பு தண்ணிக்கு இல்ல போடறோம், 72 கிலோ போகணும். 48 போட்டா லிட்டருக்கு 40 கிராம்தான் நிக்கும், சாயம் துணி மேல சரியா ஏறாது, வெளுத்துப்போயி வரும், அப்புறம் ரீ-டையிங், தண்ணி, கரண்டு, ஆவி எல்லாம் ரெண்டாவது செலவு, பார்ட்டிகிட்ட திட்டு தனி. எது எதுக்கு விகிதம்னு கேக்கற பையன் சீக்கிரம் மாஸ்டர் ஆயிடறான், கேக்காதவன் வருஷக்கணக்கா ஹெல்ப்பராவே மூட்டை தூக்கறான், நான் கண்ணால பாக்கறது இது.

அடுத்து சோடா. ரியாக்டிவ் சாயம் நூலோட ஒட்டறதுக்கு தண்ணி காரமாகணும், பிஎச் 11 பக்கம் வரணும். 10க்கும் 11க்கும் ஒண்ணுதானே வித்தியாசம்னு நினைப்பாங்க, அது லாக் கணக்குங்க, காரம் 10 மடங்கு ஏறுது. அதனாலதான் சோடாவை ஒரே அடியா கொட்டாம கொஞ்சம் கொஞ்சமா விடறோம், இல்லேன்னா துணி திட்டு திட்டா ஆயிரும். லாக் படிச்சு என்னத்த கிழிக்க போறோம்னு கேக்கற பிள்ளைங்கள ஒரு ஷிப்ட் இங்க நிக்க வைக்கணும்.

லேப்ல இன்னொண்ணு இருக்கு. பையர் குடுத்த சாம்பிளும் நம்ம துணியும் ஒண்ணா இருக்கான்னு முதல்ல லைட் பாக்ஸ்ல பாப்போம், பகல் வெளிச்சத்துல மேட்ச் ஆன கலர் கடை டியூப்லைட்ல வேறயா தெரியும், அது ஃபிசிக்ஸ். அப்புறம் ஸ்பெக்ட்ரோ மெஷின்ல வைப்போம். அது ஒவ்வொரு கலருக்கும் எல், ஏ, பி-ன்னு மூணு நம்பர் தரும், ரெண்டு துணிக்கும் உள்ள வித்தியாசத்தை தனித்தனியா ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுத்தா டெல்டா ஈ, ரெண்டு கலரும் எவ்ளோ தள்ளி இருக்குங்கற நம்பர். பத்தாங்கிளாஸ் பிதாகரஸ் தேற்றமேதான், முக்கோணத்துக்கு பதிலா கலர், அவ்ளோதான். 1976ல வந்த ஃபார்முலா அது, இப்ப அதையே திருத்தி சிஎம்சி-ன்னு நிறைய பேர் யூஸ் பண்றாங்க. பெரும்பாலும் 1க்குள்ள இருந்தா பாஸ், மேல போனா லாட் திரும்பி வரும்.

அந்த 96 கிலோ உப்பு எங்க போச்சுன்னு கேட்டீங்கன்னா, துணியில கிட்டத்தட்ட ஒண்ணும் நிக்கறதில்ல, எல்லாம் கழிவுத்தண்ணியில. அந்த சாயக்கழிவு நொய்யல் ஆத்துல கலந்து ஒரத்துப்பாளையம் அணையும் நொய்யல் பாசன விவசாயிகளும் பட்ட பாடு உங்க பேப்பர்லயே வந்திருக்கும். 2011ல ஹைகோர்ட் பட்டறைகள மூடச்சொன்னதும் இதுக்குத்தான். இப்ப ஆர்ஓ போட்டு தண்ணிய திரும்ப எடுக்கறோம், மிச்சத்த எவாப்பரேட்டர்ல காய்ச்சறோம். ஆர்ஓ-ங்கறது பாடத்துல வர்ற சவ்வூடுபரவல தலைகீழா திருப்பறது, உப்பு கூடக்கூட அழுத்தம் கூட கொடுக்கணும், பம்பு கரண்ட குடிக்கும். அப்ப உப்பு கணக்கு தப்பா போட்டா சாயத்துல ஒரு நஷ்டம், சுத்திகரிப்புல இன்னொரு நஷ்டம். ஈடிபி, அதாவது இந்த கழிவுத்தண்ணி சுத்திகரிப்பு பிளாண்ட், ஓட்டறதுக்கு கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஆளு கிடைக்காம ஓனர்ங்க தேடிட்டு இருக்காங்க, பக்கத்து தெருவுலயே பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்ச பொண்ணு டெலிகாலர் வேலைக்கு போகுது. யாரும் அவங்களுக்கு சொல்லல, அவ்ளோதான்.

வேலையில சொகுசு எதுவும் இல்லீங்க, சூடு, ஈரம், நைட் ஷிப்ட், அதையும் மறைக்காம எழுதணும். அடுத்த இணைப்புல ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி, டையிங் மாஸ்டர், லேப் டெக்னீஷியன், ஈடிபி ஆப்பரேட்டர் இவங்கள உங்க நிருபர் நேர்ல வந்து பேட்டி எடுக்கட்டும், சம்பளம் எவ்ளோ, என்ன படிச்சா எடுப்பாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டு போடுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், அப்ப வந்தா ரெண்டு ஷிப்ட் ஆளுங்களையும் பிடிச்சிரலாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருத்தன்,
திருப்பூர்