டின்னில் இருக்கும் டி.எச்.ஏ. குஞ்சின் வயிற்றில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்மீன் குஞ்சு வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், குஞ்சுகளுக்கு உயிருடன் இரையாகக் கொடுக்கும் ஆர்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் உயிரிக்கு ஒமேகா-3 எண்ணெய் ஊட்டினால் அந்தச் சத்து அப்படியே குஞ்சுக்குப் போய்ச் சேரும் என்று இருந்தது. பொரிப்பகத்தில் உயிருணவுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். இதை மறுத்தே ஆக வேண்டும்.

பொரிந்தவுடன் ஆர்டீமியா எதையும் உண்ணாது, வாயே திறந்திருக்காது. சுமார் எட்டு மணி நேரம் கழித்து, ஒருமுறை தோலுரித்த பிறகுதான் நாம் கலக்கும் எண்ணெய்ப் பால்மத்தை விழுங்கத் தொடங்கும். அந்த எண்ணெயில் உள்ள முக்கியமான ஒமேகா-3 கொழுப்பு அமிலம் டி.எச்.ஏ.; விழுங்கிய டி.எச்.ஏ.வையும் ஆர்டீமியா பத்திரமாக வைத்திருப்பதில்லை. 22 கார்பன் கொண்ட அந்தச் சங்கிலியைக் கத்தரித்து, 20 கார்பன் கொண்ட ஈ.பி.ஏ. என்ற வேறொரு ஒமேகா-3 அமிலமாக மாற்றிவிடுகிறது. இன்னொரு பகுதியை எரித்துத் தன் ஆற்றலுக்குச் செலவிடுகிறது. இப்படி எண்ணெய் ஊட்டிச் செறிவூட்டி எடுத்த ஆர்டீமியா வெதுவெதுப்பான நீரில் காத்துக்கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு இழப்புதான்.

குஞ்சுகளுக்குக் கொடுக்கும் இன்னொரு மிகச் சிறிய உயிரிரையான ரோட்டிஃபர் இந்த விஷயத்தில் பரவாயில்லை, தின்றதைப் பெரும்பாலும் உடலில் காட்டும். வெறும் யீஸ்ட் போட்டு வளர்த்தால் அதிலும் டி.எச்.ஏ. அநேகமாக இருக்காது.

கடல்மீன் குஞ்சுகளால் தமக்கு வேண்டிய டி.எச்.ஏ.வைத் தாமே போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. கண்ணும் மூளையும் வளர்வது அதை நம்பித்தான். ஆர்டீமியா தின்று வயிறு ஆரஞ்சு நிறத்தில் புடைத்திருக்கும் குஞ்சுகள், வலையில் அள்ளித் தொட்டி மாற்றியதும் துவண்டு மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். பசியால் அவை சாகவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். தட்டை மீன்களில் இந்தக் குறை உடல் நிறத்தையே கெடுத்துவிடும். கோபிபாட் என்ற சிறு நீர்வாழ் உயிரியைத் தின்று வளரும் குஞ்சுகளுக்கு இத்தொல்லை குறைவு. அதில் டி.எச்.ஏ. பெரும்பகுதி பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையில் இருப்பதால் குஞ்சின் குடலுக்கு எளிதில் செரிக்கிறது. ஆனால் அதைப் பெருமளவில் வளர்ப்பது பெரும்பாடு.

செறிவூட்டும் பொருளை விற்பவர்கள் டின்னில் அச்சிடுவது எண்ணெயில் உள்ள அளவை. எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் ஊட்டினால் ஆர்டீமியாவின் உடலில் எவ்வளவு தங்கும் என்பதையும் அவர்கள் அச்சிட வேண்டும். அறுவடை செய்த ஆர்டீமியாவை 10 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து வைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். ஆர்டீமியா மாதிரிகளில் கொழுப்பு அமிலப் பரிசோதனை செய்துகொள்ளும் வசதி சிறிய பொரிப்பகங்களுக்கும் கைக்கெட்ட வேண்டும். தங்கள் நாளிதழ் இவற்றையும் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொரிப்பக உயிருணவுப் பிரிவுப் பணியாளர்