ஹீமோகுளோபினுக்குக் கீழே உள்ள எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்தசோகை பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஹீமோகுளோபின் அளவோடு நின்றுவிடுகின்றன. 'குறைவாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சில வரிகள் தள்ளி எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். ஒரு சிவப்பணுவின் சராசரிக் கன அளவு அது. ரத்தசோகை எதனால் வந்தது என்று தேடத் தொடங்குகிற இடமே அந்த எண்தான். அதைப் படிக்காமல் மாத்திரை வாங்குகிறவர்கள் ஏராளம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

பெரியவர்களுக்கு எம்.சி.வி. 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருக்க வேண்டும். ஒரு லிட்டரை ஆயிரத்தால் ஐந்து முறை அடுத்தடுத்து வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோலிட்டர். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். நடுவில் இருபுறமும் குழிந்த தட்டு. அது நுழைந்து வர வேண்டிய தந்துகிகள் என்னும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் பல அதைவிடக் குறுகலானவை. மண்ணீரலின் இடுக்குகளோ இன்னும் நெருக்கம். அதே கன அளவுள்ள உருண்டையைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிக மேற்பரப்பு இருப்பதால்தான் சிவப்பணு மடங்கி, நெளிந்து நுழைகிறது. மேற்பரப்பை இழந்து உருண்டையாகிவிட்டால் மண்ணீரலில் மாட்டிக்கொண்டு அழிந்துபோகும்.

அணு ஏன் சிறுக்கிறது, ஏன் பெருக்கிறது? எலும்பு மஜ்ஜையில் முன்னோடி அணுக்கள் பலமுறை பிளந்துதான் சிவப்பணுக்கள் உருவாகின்றன. உள்ளே ஹீமோகுளோபின் போதிய அடர்த்திக்கு வந்ததும் பிளவு நின்றுவிடும். இரும்பு போதாவிட்டால் அந்த அடர்த்தியை எட்டத் தாமதமாகும். அதற்குள் இன்னொரு முறை பிளந்துவிடுவதால் அணு சிறுத்துவிடுகிறது. பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் நடப்பது வேறு. டி.என்.ஏ. உருவாவது தடைபடுவதால் அணு உரிய நேரத்தில் பிளக்க முடிவதில்லை. ஹீமோகுளோபின் மட்டும் சேர்ந்துகொண்டே போய்ப் பெருத்த அணுவாக வெளிவருகிறது.

எம்.சி.வி. 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் உடனே இரும்புக் குறைவு என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் அணு சிறியதாகவே இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் எம்.சி.வி. 66. ஒன்றில் சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 56 லட்சம், மற்றதில் 40 லட்சம். எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 66-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.8, 4.0-ஆல் வகுத்தால் 16.5. விடை 13-க்குக் கீழே என்றால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும்; மேலே என்றால் இரும்புக் குறைவுக்கே வாய்ப்பு அதிகம். மென்ட்சர் குறியீடு என்கிற இந்தக் கணக்கு வெறும் சல்லடைதான், தீர்ப்பு அல்ல. இரும்பு இருப்பை ஃபெரிட்டின் பரிசோதனையிலும், பீட்டா தலசீமியா என்கிற வகையை, ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2-இன் அளவிலும் உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சல், அழற்சி உள்ளபோது ஃபெரிட்டின் உயர்ந்து குறைபாட்டை மறைக்கும். இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் ஏ2 அளவு இறங்கித் தலசீமியா மறைந்துபோகலாம். குழந்தை பெற நினைக்கும் தம்பதியர் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இருவருமே பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான நோய் வர.

100-க்கு மேலே போனால் பி12, ஃபோலிக் அமிலம் தவிர மது, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகள், மஜ்ஜை நோய்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது ஆபத்து. ரத்தசோகை தேறுவதுபோல் தெரியும். நரம்புச் சேதம் உள்ளுக்குள் வளரும்.

எம்.சி.வி. 88 என்று கச்சிதமாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து சராசரி நடுவில் வந்து நிற்கும். காட்டிக்கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ. என்கிற எண். அணுக்களின் அளவு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்பதை அது சொல்லும். வழக்கமாக 14.5 சதவீதத்துக்குள் இருக்கும் அது 18, 20 என்று போனால் ஸ்மியர் போட்டு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். சிறிய லிம்ஃபோசைட் என்கிற வெள்ளையணுவின் உட்கருதான் அங்கே அளவுகோல். இயல்பான சிவப்பணு ஏறக்குறைய அதன் அளவே இருக்கும்.

கருவியும் ஏமாறும். வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் பல கருவிகளில் அடிப்படை: மின்சாரம் ஓடும் நுண்துளை வழியாக அணு போகும்போது மின்தடை கூடும்; அந்தத் துடிப்பின் உயரமே அணுவின் அளவு. குளிரில் ஒட்டிக்கொள்ளும் ரத்தம் என்றால் நான்கைந்து அணுக்களின் கொத்தைக் கருவி ஒரே பெரிய அணுவாக எண்ணிவிடும். எம்.சி.வி. எகிறும், எண்ணிக்கை சரியும், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தியைச் சொல்லும் எம்.சி.எச்.சி. 40-ஐத் தாண்டி நம்ப முடியாத இடத்துக்குப் போகும். சாம்பிளை 37 டிகிரியில் வைத்துச் சூடாக்கி மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊதா மூடிக் குழாயில் ஒரு நாளுக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்த ரத்தத்திலும், சர்க்கரை மிக அதிகமாக உள்ளவர் ரத்தத்திலும் அணுக்கள் ஊதிப் பெரிதாகத் தெரியும். தலைகீழான குழப்பமும் உண்டு: மிகச் சிறிய சிவப்பணுக்களைத் தட்டணு (பிளேட்லெட்) என்று கருவி எண்ணினால், இல்லாத தட்டணுக்கள் இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

குழந்தைகளின் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான வரம்பையே அச்சடித்துக் கொடுப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பிறந்த குழந்தைக்கு எம்.சி.வி. 100-க்கு மேல் இருப்பது இயல்பு. ஒரு வயதில் 72 என்பதும் இயல்புக்குள்தான் வரும். இது தெரியாமல் பெற்றோர் கலங்குகிறார்கள்.

சிகிச்சை தொடங்கிய இரண்டு வாரத்தில் எம்.சி.வி. மாறவில்லையே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழைய சிறிய அணுக்கள் கழிந்து புதியவை நிறைய அத்தனை காலம் பிடிக்கும்.

ரத்தசோகை பற்றி அடுத்த முறை எழுதும்போது ஹீமோகுளோபினோடு எம்.சி.வி., சிவப்பணு எண்ணிக்கை, ஆர்.டி.டபிள்யூ. ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு மாதிரி ரிப்போர்ட்டின் படத்துடன் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர்கள்