எதிரொலிக்கு ஒரு வினைச்சொல்

ஆசிரியருக்கு வணக்கம்,

மொழிப் பக்கங்களில் ஸ்பானிஷ் பற்றி எழுதும்போது 'ரெசோனார்' என்ற வினைச்சொல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். எதிரொலிப்பது, அதிர்ந்து ஒலிப்பது என்று பொருள். லத்தீனின் 'ரெசோனாரே'யிலிருந்து வந்தது, அதாவது மீண்டும் ஒலித்தல். படிப்பவர்கள் தடுமாறுவது இதன் நிகழ்காலத்தில்தான்: அழுத்தம் விழும் இடத்தில் 'ஓ' உடைந்து 'ரெசுவேனா' என்றாகிவிடும், ஆனால் 'நாங்கள்' என்று வரும்போது 'ரெசோனாமோஸ்' என்று பழைய உயிரே திரும்பி வந்துவிடும். இடி உருளும் முழக்கத்துக்கு 'ரெத்தும்பார்' என்று வேறொரு சொல்லும் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்லே உறுமும்.

சரி, மனிதர்கள் திட்டமிட்டு உருவாக்கிய மொழிகளில் என்ன ஆனது? 1951-இல் வெளியான இன்டர்லிங்குவா அதே 'ரெசோனார்' சொல்லை எடுத்துக்கொண்டு, யார் செய்தாலும் நிகழ்காலத்தில் 'ரெசோனா' என்று ஒரே வடிவமாக்கிவிட்டது. 1887-இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் 'சோனி' என்றால் ஒலித்தல், முன்னால் 'ரெ' சேர்த்தால் 'ரெசோனி', அவ்வளவுதான், விதிவிலக்கே கிடையாது. அப்புறம், அந்த மொழியில் எதிரொலிக்கான 'எஹோ' என்ற பெயர்ச்சொல்லைத் தொண்டையில் உரசும் ஒலியோடு சொல்ல வேண்டும். வெறும் ககரமாக 'எகோ' என்றால் தொடக்கம் என்று பொருள் மாறிவிடும்.

விதி மீறாத வடிவங்கள் கற்க எளிது, மறுக்கவில்லை. ஆனாலும் 'ரெசுவேனா'வில் கேட்கும் அந்த அதிர்வு எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. வினைச்சொற்களின் இந்த வேறுபாடுகளைப் பற்றி ஒரு தொடர் வெளியிடுங்கள், ஒரு வாரம் விடாமல் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்